மலைக்கு ஓடினால் மனம் ஆறுமா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பஸ், மலைப் பாதையின் வளைவுகளையெல்லாம் கடந்து, கொடைக்கானல் சேர இன்னும் ஏழெட்டு மைல் இருக்கும்போது ஓர் ஊரில் நிற்கிறது. பழனியிலிருந்து வரும் மலைச் சாலையும் அங்கேதான் வந்து சேருகிறது. ஊருக்கு மேலே எழுந்து நிற்கும் சிகரத்தின் பெயரே ஊருக்கும் பெயர்: பெருமாள்மலை. கொடைக்கானல் போகிறவர்கள் இங்கே இறங்கி ஒரு டீ குடிப்பார்கள், "அப்பா, என்ன குளிர்!" என்று கைகளைத் தேய்த்துக்கொள்வார்கள், ஒரு சீப்பு மலைவாழைப் பழமோ, பருவமானால் ஒரு கூறு பேரிக்காயோ பிளம்ஸோ வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறிவிடுவார்கள். பெருமாள்மலையை ஓர் ஊராக மதித்து அங்கே தங்குவதற்கென்றே வந்தவர்கள் முன்னெல்லாம் மிகச் சிலர்.

கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒரு புதுவிதப் பிரயாணி இந்த மலைக்கு வரத் தொடங்கினார். அவர் தோளில் காமிரா இல்லை. முதுகுப் பையில் ஒரு லாப்டாப் இருந்தது. அறை வாடகைக்குக் கேட்கும்போது, "வெந்நீர் உண்டா? சாப்பாடு கிடைக்குமா?" என்று அவர் விசாரிப்பதில்லை. கைபேசியை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இங்கே டவர் கிடைக்குமா?" என்றுதான் கேட்பார். அவருடைய ஆபீஸ் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும். முதலாளி அமெரிக்காவில் இருப்பார். இப்படி வந்தவர்களில் பலர் பட்டணத்து அறைக்குள் மனம் சலித்துப் போய், மலைக் காற்றுப் பட்டால் சரியாகிவிடும் என்று நம்பி வந்தவர்கள்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தமக்கையின் மகனும் அப்படி வந்தவன்தான். நானே போய் அழைத்து வந்தேன்.

வேளச்சேரியில் ஓர் அறை

அவன் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்த்து வந்தான். அந்த நாட்களில் அவனுக்குக் குறைகளுக்குப் பஞ்சமே கிடையாது. பஸ்ஸில் கூட்டம், காண்டீனில் சாம்பார் தண்ணீர், பக்கத்து மேஜைக்காரர் ஓயாமல் பேசுகிறார். 2020 மார்ச் 24-ஆம் தேதி நள்ளிரவில் தேசமெங்கும் ஊரடங்கு வந்தது. எல்லோரையும்போல் அவனும் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினான். ஊரடங்கு போன பிறகும் வீட்டு வேலை போகவில்லை. "இனி நீங்கள் ஆபீஸுக்கு வரவே வேண்டாம்" என்று கம்பெனியார் சொன்னபோது, அவனைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் உலகத்தில் இருந்திருக்க முடியாது. மேலே சட்டை, கீழே லுங்கி. இதைவிட வேறு சுதந்திரம் என்ன வேண்டும்?

கூட இருந்த நண்பர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் போனார்கள். அவன் வேளச்சேரியில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டான். வேலையோ அமெரிக்காக்காரர்களுக்கு. நியூயார்க் நகரத்தில் காலை பத்து மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு ஏழரை மணி. குளிர் காலத்தில் எட்டரை மணி. எனவே அவனுக்கு இரவு பகலாயிற்று, பகல் இரவாயிற்று. சாப்பாட்டைக் கைபேசியில் சொன்னால் ஒரு பையன் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். வாடகை, மின்சாரக் கட்டணம் எல்லாம் கைபேசியிலேயே போய்விடும். பக்கத்து மேஜைக்காரரின் ஓயாத பேச்சும் இல்லை. ஒரு மனித முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமலே வாரக்கணக்கில் இருக்கலாம் என்பது அவனுக்கு மெள்ள மெள்ளத் தெரியவந்தது. ஒரு கோடி ஜனங்களின் நடுவே இப்படி இருக்க முடிகிறது என்பதுதான் விந்தை.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிறைக் கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் விதிகளைத் திருத்தி அமைத்து, அவற்றுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டியது. அந்த விதிகளின்படி, ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவனை உண்மையான மனிதத் தொடர்பு இல்லாமல் வைத்திருப்பது தனிச் சிறை. அது தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. கொலைக் குற்றவாளிக்குக்கூட இது பொருந்தும். என் மருமகன் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாதவன். அவன் அந்த ஸ்திதியில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தான். மாதம் தவறாமல் சம்பளமும் வந்துகொண்டிருந்தபடியால், அது தண்டனை என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"மாமா, அங்கே விடிந்துவிட்டதா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லையே அப்பா. ஏன், என்ன விசேஷம்?"

"ஒன்றுமில்லை மாமா. கேட்கத் தோன்றியது."

அவ்வளவுதான் சம்பாஷணை. ஆனால் அதற்கு மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றைக்கே மலையிறங்கி, கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் ரயிலேறி, மறுநாள் அவன் அறைக் கதவைத் தட்டினேன். பகல் வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் பழைய பத்திரிகைகளை ஒட்டியிருந்தான். பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலங்கள் மூலையில் கிடந்தன. ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவன் அழவில்லை, குறை ஒன்றும் சொல்லவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, டாக்டரிடம் போனால் ஆபீஸில் தெரிந்துவிடுமா?"

மலையிலும் அதே அறை

பெருமாள்மலைக்கு அழைத்து வந்தேன். குளிர்ந்த காற்று, தோட்டத்தில் வெண்ணெய்ப் பழ மரம், விடியற்காலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மேகம் எல்லாம் அவனுக்காகக் காத்திருப்பதாக நான் எண்ணிக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று. அவன் மேகத்தையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. குளிருக்கென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இரவெல்லாம் லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான்; பகலெல்லாம் படுத்திருந்தான். வேளச்சேரி அறை அப்படியே மலைமேல் ஏறி வந்துவிட்டது. புழுக்கத்துக்குப் பதில் குளிர், அதுதான் வித்தியாசம்.

சாலை முக்கில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் எங்கள் வீட்டுப் பக்கமாக வந்தவர், சாத்திய ஜன்னலைப் பார்த்துவிட்டு, "ஐயா, தம்பி பட்டணத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறதே!" என்றார். எனக்குப் புத்தி வந்தது. மறுநாளே மதுரையில் மனநோய் மருத்துவர் ஒருவரிடம் அவனை அழைத்துப் போனேன்.

மருத்துவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. இடைவிடாத துக்கம், எதிலும் ருசியின்மை, தூக்கக் கேடு, பசியின்மை, ஓயாத களைப்பு, தன்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்ற எண்ணம், 'இருந்து என்ன?' என்ற நினைவு ஆகியவற்றில் பல ஒன்று சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சோம்பலும் அல்ல, மனத்திடக் குறைவும் அல்ல. மனச்சோர்வு என்னும் நோய். 'இருந்து என்ன?' என்ற நினைவு மட்டும் தலைகாட்டினாலும், இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிராமல் உடனே உதவி தேட வேண்டும். இந்த நோய்க்கு மருந்து உண்டு. பேசிக் குணப்படுத்தும் முறையும் உண்டு. மருந்து பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும். சற்றுத் தெளிந்ததும் தானாகவே மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நோயாளியைப் பற்றிய செய்தியை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே வற்புறுத்துகிறது. ஆபீஸில் தெரிந்துவிடுமோ என்று மூன்று வருஷம் பயந்தவனுக்குப் பாதி பாரம் இதைக் கேட்டதுமே இறங்கிற்று.

கடைசியில் அவர், "மலையில் இருப்பது நல்லதுதான். ஆனால் மலை வைத்தியம் செய்யாது. காலையில் எழுந்து வெளியே போனால்தான் மலையினால் உபயோகம்" என்று சொல்லி அனுப்பினார்.

முன்னே வந்தவர்கள்

மனச் சௌக்கியத்துக்கும் தேக சௌக்கியத்துக்கும் இந்த மலையைத் தேடி வருவது புதிய வழக்கமன்று. மதுரைச் சீமையில் வேலை பார்த்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் கூட்டத்தில் பலரைப் பறிகொடுத்த பிறகு, 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். சொந்தத் தேசத்தை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வேலை செய்தவர்கள் அவர்கள். ஆனால் இங்கே தனித்தனியாக வந்து அறையைச் சாத்திக்கொள்ளவில்லை. குடும்பமாகவும் கூட்டமாகவும் வந்து தங்கிவிட்டு மறுபடியும் வேலைக்கு இறங்கினார்கள்.

இன்னும் பொருத்தமான உதாரணம் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் நடந்துவந்த வானாராய்ச்சியின் தொடர்ச்சியாக, 1899-ல் இந்த மலையின் உச்சியில் சூரியனை ஆராய்வதற்கென்று இது ஏற்பட்டது. 1907-ல் இங்கே வந்த ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, 1909 ஜனவரியில் சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் உலகெங்கும் அதை 'எவர்ஷெட் விளைவு' என்றே சொல்கிறார்கள். அவருடைய மனைவி மேரியும் வான நூல் வல்லவர். கணவருடைய ஆராய்ச்சியில் பங்கு கொண்டதோடு, இத்தாலிய மகாகவி தாந்தேயையும் பழைய வானியலாளரையும் பற்றி 1914-ல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இக்காலத்து மொழியில் சொன்னால் அவர்களும் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' செய்தவர்கள்தான். அவர்களுடைய சக விஞ்ஞானிகள் பெரும்பாலோர் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். ஒரு கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த உத்தியோகத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. வானம் தெளிந்திருந்தால் காலையில் எழுந்து சூரியனைப் படம் எடுத்தாக வேண்டும். அந்தப் படம் எடுக்கும் வழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே நடந்து வருகிறது.

சூரியனைப் பார்க்க எழுந்திருப்பது விஞ்ஞானிக்கு மட்டும் உரிய காரியமல்ல. நம் உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுவதைக் கொண்டுதான் அது நேரத்தைச் சரி செய்துகொள்கிறது. இரவில் தூக்கம் வருவதும் அதைப் பொறுத்ததே. இரவெல்லாம் பளிச்சென்ற திரையைப் பார்த்து, பகலெல்லாம் ஜன்னலை மூடினால் அந்தக் கடிகாரம் தாறுமாறாகிவிடும். பிறகு மனம் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்?

கோட்டைக்குள் ஒரு தோட்டம்

அடைபட்ட அறையில் மனம் உடையாமல் இருப்பது எப்படி என்பதை நம் தேசத் தலைவர்களைப்போல் அறிந்தவர்கள் யார்? 1942 ஆகஸ்டு மாதத்தில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய மறுநாள் காலையில் காங்கிரஸ் காரியக் கமிட்டியாரைக் கைது செய்து, அகமத்நகர்க் கோட்டையில் அடைத்தார்கள். நேரு, படேல், ஆஸாத், கிருபளானி முதலியோர் அங்கே இருந்தார்கள். விடுதலை எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. நேரு கல்லும் கட்டியுமான அந்த மண்ணைக் கொத்திச் செடி வைத்தார். 1944-ல் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதத்தில் பெரிய சரித்திர நூல் ஒன்றை எழுதி முடித்தார். ராஜாஜி 1921 டிசம்பரிலிருந்து வேலூர்ச் சிறையில் இருந்தபோது தினந்தோறும் டயரி எழுதினார். காந்தியடிகளோ, சிறையிலும் வெளியிலும் ராட்டையை விடவில்லை. திங்கட்கிழமைதோறும் மௌனமும் அனுஷ்டித்தார். வேலைக்கு ஒரு நேரம், கைகளுக்கு ஒரு தொழில், பேச்சுக்கு ஒரு நேரம், மௌனத்துக்கு ஒரு நாள் என்று அவர் வகுத்துக்கொண்டது, இன்றைய லாப்டாப் உத்தியோகஸ்தருக்கு மிகவும் வேண்டிய பாடம்.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. அகமத்நகர்க் கைதிகளுக்குப் பக்கத்து அறையில் சண்டை போடுவதற்காவது ஒரு தோழர் இருந்தார். வேளச்சேரியில் அதுவும் இல்லை.

பட்டணத்துக்குத் திரும்பிய பிறகு

மருந்து வேலை செய்யத் தொடங்கியது. கம்பெனியாரிடம் கேட்டுப் பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டான். காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கி வரும் பொறுப்பை அவனிடம் கொடுத்தோம். போகும் வழியில் டீக்கடை. அங்கே அன்றன்றைய செய்தி. எந்தத் தோட்டத்தில் காட்டு மாடு இறங்கிற்று, பழனி பஸ் ஏன் வரவில்லை, பூண்டு என்ன விலை போகிறது என்பதெல்லாம் முதலில் அவனுக்கு அலுப்பாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு, பால் வாங்கப் போனவன் ஒன்றரை மணி நேரம் திரும்பவில்லை என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். எனக்கோ பரம சந்தோஷம்.

நான்கு மாதம் கழித்து அவன் சென்னைக்குத் திரும்பினான். அங்கே அவன் செய்துகொண்ட ஏற்பாடுகள் பணச் செலவு அதிகம் இல்லாதவை. முதலாவது, தனி அறையை விட்டுவிட்டு இரண்டு நண்பர்களுடன் ஒரு வீடு எடுத்தான். இரண்டாவது, வேலை தொடங்குமுன் அரைமணி நேரம் வெளியே நடந்துவிட்டு வருவான். ஆபீஸுக்குப் போவதாகவே அதற்குப் பெயர். மாலையிலும் ஒரு நடை. அது ஆபீஸிலிருந்து திரும்புவது. மூன்றாவது, வேலை முடிந்ததும் லாப்டாப்பைப் பையில் போட்டுப் பரணில் வைத்துவிடுவான். படுக்கையறையில் அதற்கு இடமில்லை. நான்காவது, வாரத்தில் இரண்டு நாள் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் படிப்பான். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. ஆனால் நாலு பேர் மத்தியில் இருக்கலாம். ஐந்தாவது, ஒரு வேளைச் சமையல் தன் கையால்.

வேலை நேரத்துக்கு எல்லை வேண்டும் என்பது வெறும் சௌகரியம் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரத்தில் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைக் காட்டிலும் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதமும், இருதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று கண்டார்கள். பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. போர்ச்சுகல் 2021-ல், ஓய்வு நேரத்தில் தொழிலாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று முதலாளிகளுக்கு விதித்தது. நம் லோக் சபையிலும் 2018-ன் இறுதியில் ஓர் அங்கத்தினர் இத்தகைய மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும் வரையில் அவரவர்களே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டிலிருந்து உத்தியோகம் பார்க்கும் பெண்மணிகளின் கஷ்டம் வேறு விதம். அவர்களுக்குத் தனிமை குறைவு. ஆனால் ஆபீஸும் அடுப்பும் ஏககாலத்தில் கூப்பிடுகின்றன. "வீட்டிலேதானே இருக்கிறாய்!" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை அவர்களை எவ்வளவு வருத்தும் என்பதைக் கணவன்மார்களும் மாமியார்களும் சற்று யோசிக்க வேண்டும். வேலை நேரத்தில் அவள் வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

மனம் தாங்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் விடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி இந்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி-மானஸ்' என்னும் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் 'ஸ்நேகா' என்னும் ஸ்தாபனம், உயிரை வெறுத்தவர்களின் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்டு வருகிறது. கீழ்ப்பாக்கத்து அரசாங்க மனநல மருத்துவமனையின் சரித்திரமோ 1794-ல் தொடங்குகிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் கெட்ட வழக்கத்தை நாம் இனியாவது விட்டொழிக்க வேண்டும். அந்தக் கேலிக்குப் பயந்துதான் எத்தனையோ பிள்ளைகள் வாய் திறவாமல் இருக்கிறார்கள்.

மலைக்கு ஓடினால் மனம் ஆறுமா என்ற கேள்விக்கு இனி விடை சொல்லலாம். பெருமாள்மலை அவனுக்குக் கொடுத்தவை காலை வெளிச்சம், நடக்க ஒரு சாலை, கைக்கு ஒரு வேலை, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு மனிதர்கள். இவை நான்கும் சென்னையிலும் உண்டு; தேடித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் தொலைபேசியில் பேசுகிறான். சம்பளத்தைப் பற்றியோ பதவி உயர்வைப் பற்றியோ நான் கேட்பதில்லை. "என்ன சாப்பிட்டாய்? யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்கிறேன். அவன் பேரிக்காய் காய்த்துவிட்டதா என்றும், டீக்கடைப் பெரியவரின் மூட்டுவலி எப்படி என்றும் விசாரிக்கிறான். பட்டணத்தில் தனி அறையில் பிள்ளையோ பெண்ணோ வைத்திருக்கும் பெற்றோர்கள், இந்த வாரம் அவர்களிடம் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அடுத்த ரயிலுக்கு டிக்கெட் வாங்கத் தயங்க வேண்டாம்.